ஜப்பானியர் நாவில் இங்கிலீஷ்

காலையில் 'டோஸுட்டோ' தின்று, கழுத்தில் 'நெக்குட்டை' கட்டிக்கொண்டு, 'பாஸு'வில் ஏறிச் சென்று, 'எரெபேட்டா'வில் நின்றவாறே மேல்மாடிக்குப் போகும் டோக்கியோ உத்தியோகஸ்தர், தாம் ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ் பேசவில்லை என்றே சாதிப்பார். அதில் பிழையில்லை. டோஸ்ட், நெக்டை, பஸ், எலிவேட்டர் யாவும் அங்கே ஜப்பானியப் பிரஜைகளாகி விட்டன.

'ன்' ஒன்றைத் தவிர வேறு மெய்யெழுத்தில் ஜப்பானியச் சொல் முடிவதில்லை. லகரமும் ரகரமும் அவர்கள் செவிக்கு ஒன்றே. ஆகையால் அந்நியச் சொல் எதுவும் உருமாறியே உள்ளே நுழைய வேண்டும். நீளமாயிருந்தால் வாலையும் நறுக்கிவிடுவார்கள். 'பர்ஸனல் கம்ப்யூட்டர்' அவ்விதமே 'பஸோக்கொன்' ஆயிற்று. அர்த்தமும் மாறுவதுண்டு. 'மன்ஷோன்' என்பதை மாளிகை என்றெண்ணிப் போகும் வெள்ளைக்காரர், அடுக்குமாடிக் கட்டடத்தில் சில அறைகளைக் கண்டு திகைப்பார்.

இரவல் வாங்குவது ஜப்பானியருக்குப் புதிதன்று. 1543-ல் போர்த்துகீசியர் அங்கு வந்திறங்கிய பின் ரொட்டிக்குப் 'பான்' என்ற பெயர் நிலைத்தது. இலங்கைத் தமிழர் 'பாண்' என்பதும் அதே சொல்தான். இத்தகைய விருந்தாளிச் சொற்களைக் கட்டக்கானா என்னும் தனி எழுத்தில் எழுதுவது இக்கால வழக்கம்.

யுத்த காலத்தில் இங்கிலீஷ் 'எதிரியின் பாஷை' என்று வெறுக்கப்பட்டது. 1943-ல் பேஸ்பால் மைதானத்தில் 'ஸ்டிரைக்' போய் 'யோஷி' வந்தது. 1945-ல் யுத்தம் முடிந்ததும் பழைய சொல் திரும்பி வந்து விட்டது. கட்டளையினால் பாஷையைக் காப்பது எளிதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் இதில் வேடிக்கை மட்டுமே இல்லை. வைத்தியர்கள் 'இன்ஃபோமுடோ கொன்ஸென்ட்டோ' என்கிறார்கள். விவரமறிந்து நோயாளி அளிக்கும் சம்மதம் என்பது அதன் பொருள். ஆனால் சாதாரண ஜப்பானியருக்குக் 'கொன்ஸென்ட்டோ' என்றால் சுவரிலுள்ள மின்சார பிளக் செருகும் துவாரம்! தம் உடம்பைப் பற்றிய பேச்சே விளங்காத முதியவர் எதற்கென்று சம்மதம் தருவார்?

2013-ல் ஒரு முதியவர், ஒலிபரப்பில் அந்நியச் சொற்கள் மிகுந்து தமக்கு மனவேதனை உண்டாயிற்று என்று என்.எச்.கே. ஸ்தாபனத்தின் மீது வழக்கே தொடுத்தார். கோர்ட் அதைத் தள்ளிவிட்டது. எனினும் அவருடைய குறை கற்பனையன்று. அதற்கு முன்பே, 2002 முதல் 2006 வரையில், தேசீய மொழி ஆராய்ச்சி நிலையத்தார் விளங்காத சொற்கள் 176-ஐப் பொறுக்கியெடுத்து எளிய மாற்றுச் சொற்களைச் சிபாரிசு செய்திருந்தார்கள். வைத்தியர்களின் அந்தச் சொல்லுக்கு 'மனம் ஒப்பிய சிகிச்சை' என்று பொருள்படும் சொல் கிடைத்தது. பஸ்ஸையும் டோஸ்டையும் அவர்கள் தொடவில்லை; அவை எல்லோருக்கும் விளங்குபவை.

இந்த வழியே நமக்குச் சரியெனத் தோன்றுகிறது. விருந்தாளிக்குக் கூடத்தில் பாய் விரிக்கலாம். அதற்காக வீட்டுப் பாட்டனாரைத் திண்ணைக்கு அனுப்பலாகாது.