நோயாளி உடம்பிலிருந்து கதிர்வீச்சு!
ஊழியர்களுக்குக் கை கொடுக்கிறது கம்ப்யூட்டர்

புற்றுநோயைக் கண்டுபிடிக்க "பெட் ஸ்கேன்" எடுக்கிறார்கள். முதலில் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அப்புறம் சுமார் 1 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்போது நோயாளி உடம்பிலிருந்தே கதிர் கிளம்பும்!

நோயாளிக்கு ஒரு நாள் ஊசி. ஊழியருக்கோ தினமும் இதே வேலை!

இந்தியாவில் ஊழியருக்கு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லி சீவெர்ட்தான் அனுமதி. அதை அளப்பது நெஞ்சில் குத்திய "பேட்ஜ்". அது பரிசோதனைக்குப் போவது 3 மாதத்துக்கு ஒரு முறை. பட்ட பின்புதான் தெரியும்!

மருந்தின் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகும். எத்தனை மணிக்கு எவ்வளவு ஏற்றுவது? கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுவிடும். மருந்துக்குப் பக்கத்தில் நின்று மண்டையை உடைக்க வேண்டாம். குறைந்த மருந்திலும் படத்தைத் தெளிவாக்கும் புரோகிராம்கள் உண்டு. மருந்து குறைந்தால் கதிரும் குறையும்.

ஆனால் கம்ப்யூட்டர் குறுக்கே நின்று கதிரைத் தடுக்காது. ஈயத் தடுப்பு வேண்டும். தள்ளி நிற்கவும் வேண்டும். 2 மடங்கு தள்ளி நின்றால் கதிர் நாலில் ஒரு பங்குதான்!