பாஸா, டிக்கெட்டா? ஐரோப்பிய ரயில் சொல்லித் தந்த கணக்கு

பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதுகிற என் நோட்டில் 2024 பிப்ரவரி மாதப் பக்கத்தைப் புரட்டினால் ஒரு வேடிக்கை இருக்கும். 'துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து 1 கிலோ' என்பதற்குக் கீழேயே 'ஆம்ஸ்டர்டாம் - பாரிஸ், பாரிஸ் - இன்டர்லாகன், இன்டர்லாகன் - வெனிஸ், வெனிஸ் - ரோம்' என்று எழுதியிருக்கும்!

என் கணவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்ட இன்ஷூரன்ஸ் பாலிசி முதிர்ந்து பணம் வந்தது. "ஒரு தடவையாவது குடும்பத்தோட ஐரோப்பா போயிட்டு வந்துடலாம்" என்றார் இவர். என் மாமியாருக்கு 68 வயது. "எனக்கு ஊரெல்லாம் வேண்டாம்மா. பனியைக் கையால தொட்டுப் பார்த்துட்டா போதும்" என்றார். மகளுக்கு 16 வயது. மகனுக்கு 11 முடிந்து 12 பிறக்க இன்னும் நாலு மாதம். ஆக மொத்தம் ஐந்து பேர், பதினான்கு நாள்.

விமான டிக்கெட் கூட சுலபமாக முடிந்துவிட்டது. ரயிலில்தான் குழப்பம் ஆரம்பித்தது. ஊருக்கு ஊர் தனித்தனி டிக்கெட் வாங்குவதா, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாஸ் வாங்குவதா? கேட்ட இடத்தில் எல்லாம் ஆளுக்கொரு பதில். ஒருவர் "பாஸ்தான் லாபம்" என்கிறார். இன்னொருவர் "பாஸ் சுத்த வேஸ்ட்" என்கிறார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்பது போய் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

பாஸ் என்றால் என்ன?

ஐரோப்பாவுக்கு வெளியே வசிக்கிறவர்களுக்காக 1959-ல் வந்தது யூரெயில் பாஸ். இப்போது 33 நாடுகளின் ரயில்களில் செல்லும். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு இருப்பது 1972-ல் வந்த இன்டர்ரெயில் பாஸ். இதில் குடியுரிமை கணக்கில்லை, வசிக்கிற இடம்தான் கணக்கு. ஜெர்மனியில் வேலை பார்க்கிற பிள்ளை, மருமகளோடு சேர்ந்து சுற்றப் போகிறீர்களா? உங்களுக்கு யூரெயில், அவர்களுக்கு இன்டர்ரெயில். இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பாஸிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று, தொடர்ந்து இத்தனை நாள் என்பது. மற்றொன்று, 'ஒரு மாதத்துக்குள் ஏதாவது 5 நாள்' என்பது போல நாமே நாளைத் தேர்ந்தெடுப்பது. குடும்பமாகப் போகிறவர்கள் ஒரு ஊரில் இரண்டு மூன்று நாள் தங்கித்தானே பார்ப்போம்? தினமும் ரயில் ஏறமாட்டோம். அதனால் இரண்டாவது விதம்தான் நமக்கு ஏற்றது.

ஒரு நாள் என்பது நள்ளிரவு 12-லிருந்து அடுத்த நள்ளிரவு 12 வரை. அந்த நாளில் எத்தனை ரயில் மாறினாலும் ஒரு நாள்தான். இன்டர்லாகனிலிருந்து மிலான், மிலானிலிருந்து வெனிஸ் என்று ஒரே பகலில் போனால் அது ஒரே ஒரு பயண நாள். இரவு ரயிலில் போனால் புறப்படுகிற தேதி மட்டும் கணக்கு.

வயதுதான் பாதி விலை

முதலில் நோட்டில் எழுத வேண்டியது ஊர்ப் பெயர் இல்லை, வயது! 4 வயது நிறையாத குழந்தைக்கு யூரெயிலில் பாஸே வேண்டாம். 4 முதல் 11 வரை உள்ள பிள்ளைகள் ஒரு பெரியவருக்கு இரண்டு பேர் வீதம் இலவசம். ஆனால் பெரியவருடைய பாஸோடு சேர்த்தே அவர்களுக்கும் பாஸ் எடுத்துவிட வேண்டும். 12 முதல் 27 வரை இளைஞர் சலுகை. 60 ஆகிவிட்டால் மூத்தவர் சலுகை.

எங்கள் மகனின் பிறந்த நாள் ஜூனில் வருகிறது. "ஜூன்ல போனா கூட்டம் குறைவா இருக்குமே" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் "மே மாசமே போயிடலாம்" என்று பிடிவாதம் பிடித்தேன். அந்த ஒரு மாதத்தில் ஒரு பாஸின் காசு மிச்சம்!

பாஸ் இல்லாமலே பிள்ளைகளுக்குச் சலுகை தருகிற நாடுகளும் உண்டு. ஜெர்மனியில் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட்டே கிடையாது. 6 முதல் 14 வரை உள்ளவர்கள் பெரியவரோடு போனால் நெடுந்தூர ரயிலிலும் இலவசம். டிக்கெட் வாங்கும்போது அவர்களையும் சேர்த்துப் பதிந்துவிட வேண்டும். ஸ்விட்சர்லாந்து மட்டும் போகிறீர்கள் என்றால் அந்த நாட்டுக்கென்றே ஸ்விஸ் டிராவல் பாஸ் இருக்கிறது. ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அதில் அடக்கம். பெற்றோரோடு வருகிற 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசமாகத் தருகிறார்கள்.

நோட்டில் போட்ட கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் மகளும் உட்கார்ந்து பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டோம். ஒரு பக்கம் பாஸ், ஒரு பக்கம் டிக்கெட்.

எங்கள் நீண்ட பயண நாட்கள் ஐந்து. மேலே சொன்ன நாலு பயணத்தோடு இன்டர்லாகனிலிருந்து லூசர்ன் போய்த் திரும்ப ஒரு நாள். இரண்டாம் வகுப்பில் 5 நாள் பாஸ் அப்போது பெரியவருக்கு 300 யூரோவுக்குச் சற்று மேல். சலுகை எல்லாம் போக நாலு பேருக்குமாக ஏறக்குறைய 1,150 யூரோ ஆனது. நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. (விலை வருடத்துக்கு வருடம் மாறும். நீங்கள் போகும்போது விசாரித்துக்கொள்ளுங்கள்.) முதல் வகுப்பு வேண்டுமா என்று யோசிக்கவே வேண்டாம். இரண்டாம் வகுப்பே சுத்தமாக, சௌகரியமாக இருக்கிறது.

தனித்தனி டிக்கெட் என்றால்? மூன்று மாதம் முன்னாலேயே வாங்கினால் பாஸைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. கடைசி வாரத்தில் வாங்கினால் இரண்டு மடங்கைத் தொட்டது. அங்கே வேக ரயில் டிக்கெட் விலை விமான டிக்கெட் மாதிரி நாளுக்கு நாள் ஏறும். முன்கூட்டி வாங்குகிற மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் தேதி மாற்ற முடியாது, பணமும் திரும்ப வராது.

இங்கேதான் எனக்கு யோசனை வந்தது. விசா எப்போது கைக்கு வரும் என்று தெரியாது. மாமியாருக்கு ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. இந்த நிலைமையில் தேதி மாற்ற முடியாத டிக்கெட் ஐந்து பேருக்கு வாங்கி வைத்தால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரிதானே? "கொஞ்சம் கூட ஆனாலும் பாஸே வாங்கிடலாம்" என்றேன். இவரும் சரி என்றார்.

நாங்கள் செய்த தப்பு

பாஸ் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டோம். அதுதான் தப்பு. பாஸ் என்பது ரயிலில் போக அனுமதி. உட்கார இடம் அல்ல. பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி வேக ரயில்களிலும், யூரோஸ்டாரிலும், இரவு ரயில்களிலும் தனியாகக் காசு கட்டி சீட் ரிசர்வ் செய்தே ஆகவேண்டும். ஆளுக்குப் பத்து யூரோவும் ஆகும், சில ரயிலில் முப்பதும் ஆகும். இலவச பாஸ் உள்ள பிள்ளைக்கும் சீட்டுக்குக் காசு உண்டு! ஐந்து பேர், நாலு ரயில் என்று பெருக்கிப் பார்த்தால் 300 யூரோவுக்கு மேல். என் நோட்டுக் கணக்கில் இந்த வரியே இல்லை.

ஆம்ஸ்டர்டாம் - பாரிஸ் ரயிலுக்கு மகள் புத்திசாலித்தனமாக முன்பே ரிசர்வ் செய்திருந்தாள். மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பாரிஸில் புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டால், பாசல் போகும் வேக ரயிலில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டது. முழு விலை கொடுத்தால் டிக்கெட் உண்டாம். ஐந்து பேருக்கு முழு விலை! இவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. கையில் பாஸ் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது, ஏற முடியாது.

கவுண்டரில் இருந்த பெண் எங்கள் கூட்டத்தைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். வேக ரயிலுக்குப் பதில் சாதாரண வட்டார ரயில். அதற்கு ரிசர்வேஷன் வேண்டாம், பாஸ் போதும். ஆனால் அது கார் தெ லியோன் ஸ்டேஷனிலிருந்து இல்லை, கார் தெ லெஸ்ட் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும். (பாரிஸில் திசைக்கு ஒரு பெரிய ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன் என்று பார்த்து வைத்துக்கொள்ளாவிட்டால் ரயில் போய்விடும்.) மறுநாள் காலை ஏறி, மூலூஸ் என்ற ஊர் வரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அங்கிருந்து பாசல் அரை மணி. பாசலிலிருந்து இன்டர்லாகன் இரண்டு மணி. வேக ரயிலைவிட நேரம் அதிகம்தான். ஆனால் ஜன்னலோரத்தில் வயலும் மாடும் சின்னச் சின்ன ஊர்களுமாகப் போனதைப் பார்த்து, "இதுதாம்மா ரயில். நேத்து வந்தது பறக்கற மாதிரி இருந்துது" என்றார் மாமியார். தங்கியிருந்த வீட்டில் காலையில் கிளறி எடுத்துப் போன புளிசாதம் அந்த ரயிலில் காலியானது.

இன்டர்லாகன் போய்ச் சேர்ந்த அன்றே மிலான், வெனிஸ், ரோம் ரயில்களுக்கெல்லாம் முதல் வேலையாக சீட் ரிசர்வ் செய்துவிட்டோம். சூடு கண்ட பூனை!

பாஸ் கை கொடுத்த நாள்

மாமியாரின் ஆசைப்படி யுங்ஃபிராவ்யோக் போனோம். 3,454 மீட்டர் உயரத்தில், 1912-லிருந்து இருக்கிற ஸ்டேஷன். ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான். யூரெயில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மலை ரயிலில் சலுகை உண்டே தவிர இலவசம் இல்லை. இதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமியார் பனியைக் கையில் அள்ளிக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தார்.

மறுநாள் லூசர்ன் போய் வந்தோம். அதற்கு அடுத்த நாள் வெனிஸ் கிளம்ப வேண்டும். காலையில் எழுந்தால் மாமியாருக்கு உடம்பு கொதிக்கிறது. "நீங்கள்லாம் போங்க, என்னால உங்க டிக்கெட் வீணாக வேண்டாம்" என்று அழுகிற குரலில் சொன்னார். "டிக்கெட் எதுவும் வீணாகலை அத்தை. பாஸ்தானே? நாளைக்குப் போனாலும் செல்லும்" என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்ததே, அந்த ஒன்றுக்கே பாஸுக்குக் கொடுத்த காசு தகும் என்று தோன்றியது.

எங்களுக்கு நஷ்டம் அன்றைய சீட் ரிசர்வேஷன் காசும், வெனிஸில் ஒரு நாள் அறை வாடகையும்தான். தேதி மாற்ற முடியாத டிக்கெட்டாக இருந்திருந்தால் ஐந்து பேருக்கும் புது டிக்கெட் வாங்கியிருப்போம். அல்லது காய்ச்சலோடு அவரை ரயிலில் ஏற்றியிருப்போம். நினைத்தாலே மனசு பதறுகிறது.

அப்படியென்றால் எல்லாரும் பாஸ் வாங்க வேண்டுமா? இல்லை. என் தங்கை, கணவரோடும் 19 வயது மகனோடும் இத்தாலி மட்டும் போனாள். ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ். ரயில் பயணம் இரண்டே நாள். விசா முன்பே கிடைத்துவிட்டது, தேதியும் மாறாது. தனித்தனி டிக்கெட் முன்கூட்டி வாங்கினாள். அவளுக்குப் பாஸ் வாங்கியிருந்தால் நஷ்டம்தான்.

கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்

வீட்டில் யார் யாருக்கு என்ன வயது? நீண்ட ரயில் பயணம் எத்தனை நாள்? தேதி மாற வாய்ப்பு உண்டா? இந்த மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டால் பாஸா டிக்கெட்டா என்று நோட்டே சொல்லிவிடும். பாஸ் என்றால், சீட் ரிசர்வேஷன் காசையும் அதிலேயே கூட்டுங்கள். வாங்கிய கையோடு ரிசர்வும் செய்யுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்தின் பெரும்பாலான உள்நாட்டு ரயில்களுக்கு அது கட்டாயமில்லை.

பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற பெயரும் இனிஷியலும் அங்கே செல்லாது. பரிசோதகர் கேட்டால் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். பாஸ் இப்போது செல்போனிலேயே வருகிறது. ரயில் ஏறுமுன் அன்றைய பயணத்தை அதில் பதிய மறக்காதீர்கள். இத்தாலியில் வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம்.

மூட்டை முடிச்சைக் குறையுங்கள். நடுவழி ஸ்டேஷன்களில் ரயில் இரண்டு மூன்று நிமிஷம்தான் நிற்கும், போர்ட்டரும் கிடைக்கமாட்டார். எங்கள் வீட்டில் மகள் முதலில் ஏறுவாள், இவர் பெட்டிகளைத் தூக்கிக் கொடுப்பார், மகன் இடம் பார்ப்பான், கடைசியில் நானும் அத்தையும். ரோம் போவதற்குள் இதில் நாங்கள் கைதேர்ந்துவிட்டோம்!

பிப்ரவரிப் பக்கத்தில் விட்டுப்போன அந்த ரிசர்வேஷன் வரியை ஊர் திரும்பியதும் சிவப்பு மையில் எழுதிச் சேர்த்தேன். நீங்கள் கணக்குப் போடும்போது அதை முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்.