கடிகாரத்தைப் பார்ப்பதா, மாவைப் பார்ப்பதா?

சமையல் குறிப்புகளை நீங்கள் படித்திருப்பீர்கள். "இரண்டு மணி நேரம் ஊற வைக்கவும், பத்து நிமிடம் வேக வைக்கவும்" என்று அவை நேரத்தைத் திட்டமாகச் சொல்லும். ஆனால் அந்த நேரம் எந்த ஊருக்கு உரியது என்று சொல்வதில்லை. அதனால் நேர்ந்த ஒரு தோல்வியைப் பற்றி உங்களுக்குச் சொல்லப் போகிறேன். தோற்றவன் வேறு யாருமல்லன். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நானேதான்!

ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு உதகமண்டலத்தில் என் அக்கா வீட்டில் கூடுவது எங்கள் வழக்கம். அங்கே குழம்போடு தொட்டுக்கொள்ள அக்கா தன் கையால் சிறு சிறு பன்கள் சுட்டு வைப்பாள். மேல்நாட்டுப் புத்தகங்களில் "டின்னர் ரோல்" என்று சொல்லப்படுபவை இவைதாம். எங்கள் அம்மாவுக்கு அந்தப் பன் இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை. ஓர் ஆண்டு அம்மாவால் மலையேறிப் பயணம் செய்ய இயலவில்லை. எனவே விருந்து பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் என்று முடிவாயிற்று. "பன் நான் சுடுகிறேன் அம்மா" என்று வாக்களித்துவிட்டேன். அக்காவும் தன் குறிப்பை எழுதி அனுப்பினாள்.

மைதா 500 கிராம், இளஞ்சூடான பால் 280 மில்லிலிட்டர், வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 20 கிராம், உப்பு 8 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 7 கிராம். பிசைந்து மூடி மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். பின்பு 16 உருண்டைகளாக்கி, மறுபடி உப்பியதும், 190 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஓவனில் 20 நிமிடம் சுட வேண்டும்.

எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக மூன்று மணி நேரம் வைத்தேன். மூடியைத் திறந்தால், மாவு ஒரு காலத்தில் உயரே எழும்பியதற்கு அடையாளமாகப் பாத்திரத்தின் பக்கங்களில் கோடு இருந்தது. மாவோ நடுவில் குழிந்து கிடந்தது. புளித்த கள்ளின் வாடை வேறு! அதைச் சுட்டபோது பன்கள் தட்டையாக, வெளிறிய நிறத்தில் வந்தன. அம்மா ஒன்றை எடுத்து, கோழிக் குழம்பில் தோய்த்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் தின்று முடித்தார். இரண்டாவது எடுக்கவில்லை.

அன்றிரவு அக்காவிடம் தொலைபேசியில் புலம்பினேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தம்பி, நீ கடிகாரத்தைப் பார்த்தாயா, மாவைப் பார்த்தாயா?"

மாவுக்குள் நடப்பது என்ன?

ஈஸ்ட் என்பது ஒரு செல் மட்டுமே கொண்ட பூஞ்சை. பன் மாவில் இடும் ஈஸ்ட்டின் அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ஒரு செல்லின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் 1680-இல் தம் நுண்பெருக்கியில் இதைக் கண்டார். சர்க்கரையைச் சாராயமாகவும் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும் மாற்றுவது இந்த உயிரே என்பதைப் பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர் 1857 முதல் செய்த ஆய்வுகளால் நிலைநாட்டினார். 1897-இல் ஜெர்மானியரான எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துச் சாறு பிழிந்தார். உயிருள்ள செல் இல்லாத அந்தச் சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்தது! செல்லுக்குள் இருக்கும் என்சைம்கள் என்னும் பொருள்களே இந்த வேலையைச் செய்கின்றன என்பது இதனால் புலனாயிற்று. இதற்காக அவருக்கு 1907-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எவ்வளவு வாயு வரும்? 4 கிராம் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, முழுவதும் நொதித்தால் அறை வெப்பநிலையில் ஒரு லிட்டருக்கும் அதிகமான வாயு உண்டாகும். நம் மாவின் பருமனை இரு மடங்காக்க இது போதும்.

அந்த வாயு ஏன் வெளியே ஓடிவிடுவதில்லை? கோதுமை மாவில் நீரை ஊற்றிப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, குளூட்டன் என்னும் ரப்பர் போன்ற வலையாகின்றன. பிசையும்போதே எண்ணற்ற சிறு காற்றுக் குமிழிகளும் மாவில் சிக்கிக்கொள்கின்றன. ஈஸ்ட் தரும் வாயு அந்தக் குமிழிகளுக்குள் புகுந்து, அவற்றைச் சிறு பலூன்களைப் போல ஊதிப் பெரிதாக்குகிறது. அரிசி மாவில் குளூட்டன் கிடையாது. அதனால் அரிசி மாவை இப்படிப் பிசைந்து பன் செய்ய முடிவதில்லை.

ஐந்து சதவீதமும் மூன்று மடங்கும்

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். டிசம்பர் மாதத்தில் உதகையில் அவள் சமையலறையின் வெப்பநிலை 15 டிகிரி. அடுப்பு எரியும் எங்கள் சமையலறையில் 30 டிகிரி. வேறுபாடு 15 டிகிரிதானே என்று நான் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

சார்லஸ் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். வாயுவின் பருமன் அதன் தனி வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். 15 டிகிரி செல்சியஸ் என்பது 288 கெல்வின்; 30 டிகிரி என்பது 303 கெல்வின். கணக்கிட்டுப் பாருங்கள். உயர்வு சுமார் 5 சதவீதமே. இந்த 5 சதவீதத்தாலா என் மாவு கெட்டது?

இல்லை. வாயு விரிவடைவது வேறு, வாயு உண்டாகும் வேகம் வேறு. ஒரு வேதி வினை நடக்க வேண்டுமானால், மூலக்கூறுகள் ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றலைப் பெற்று ஒரு தடையைத் தாண்ட வேண்டும். எந்த நேரத்திலும் அத்தனை ஆற்றல் உடையவை சிலவே. வெப்பநிலை சற்று உயர்ந்தாலும் அந்தச் சிலவற்றின் எண்ணிக்கை வெகுவாகப் பெருகிவிடும். சுவீடன் நாட்டு அரீனியஸ் 1889-இல் தந்த விளக்கம் இது. ஈஸ்ட்டின் என்சைம்களுக்கும் இது பொருந்தும். சமையலறை வெப்பநிலைகளில், 10 டிகிரி உயர்ந்தால் நொதித்தலின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று தோராயமாகக் கொள்ளலாம்.

அப்படியானால் 15 டிகிரிக்கு? 10 டிகிரிக்கு 2 மடங்கு. மீதி 5 டிகிரிக்கு இரண்டின் வர்க்கமூலமாகிய 1.41 மடங்கு. பெருக்கினால் 2.8 மடங்கு! உதகையில் 180 நிமிடத்தில் முடியும் வேலை, பாளையங்கோட்டையில் 64 நிமிடத்தில் முடிந்துவிடும். நானோ அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். குமிழிச் சுவர்கள் மெலிந்து உடைந்தன, மாவு அமிழ்ந்தது. ஈஸ்ட் சர்க்கரையில் பெரும் பகுதியைத் தின்றுவிட்டதால், சுடும்போது மேற்புறம் பொன்னிறமாகச் சிவக்கத் தேவையான சர்க்கரை போதவில்லை. வெளிறிய நிறத்துக்கு அதுவே காரணம்.

ஓவனுக்குள் நிகழும் கடைசிப் பாய்ச்சல்

சரியான பருவத்தில் எடுத்த மாவு ஓவனுக்குள் சென்றதும் மேலும் ஒரு முறை எழும்பும். 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குச் சூடாகும்போது, சார்லஸ் விதிப்படி குமிழிகள் 21 சதவீதம் விரிய வேண்டும். உண்மையில் பன் அதைவிட அதிகமாக உயர்வதுண்டு. காரணம், மாவின் நீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடும் வெளிவருகிறது. சாராயமும் நீரும் ஆவியாகிக் குமிழிகளை நிரப்புகின்றன. ஈஸ்ட்டும் சிறிது நேரம் மும்முரமாக வேலை செய்து, 55 முதல் 60 டிகிரிக்குள் மடிந்துவிடுகிறது. பிறகு மாவுச்சத்து நீரை உறிஞ்சி வெந்து, புரதம் இறுகி, பன் தன் உருவத்தில் நிலைக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று சிறு புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 100 மில்லிலிட்டர் நீர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் இட்டுக் கலக்கி, வாயில் ஒரு பலூனை மாட்டுங்கள். தக்கையால் இறுக மூடிவிடாதீர்கள். வாயுவின் அழுத்தத்தால் புட்டி வெடிக்கக் கூடும். ஒன்றைப் பனிக்கட்டி மிதக்கும் நீரிலும், ஒன்றைச் சாதாரண நீரிலும், ஒன்றை 40 டிகிரி வெந்நீரிலும் நிறுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நூலால் பலூனின் சுற்றளவை அளந்து, வரைபடத் தாளில் குறியுங்கள். எந்தக் கோடு செங்குத்தாக ஏறுகிறது என்று பாருங்கள்.

பன் சுடுவோருக்கு இன்னொரு யுக்தி. பிசைந்த மாவில் ஒரு சிறு துண்டை நேரான கண்ணாடி டம்ளரில் அழுத்தி வைத்து, மட்டத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டுங்கள். துண்டு இரு மடங்கு உயர்ந்தால் பாத்திரத்திலுள்ள மாவும் தயார். உதகையானாலும் பாளையங்கோட்டையானாலும் இந்த டம்ளர் பொய் சொல்லாது. விருந்துக்கு நேரம் இருந்தால் மாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். அங்கே ஈஸ்ட் மிக மெதுவாகவே வேலை செய்யும்.

புத்தாண்டு அன்று நான் மறுபடியும் மாவு பிசைந்தேன். இம்முறை கடிகாரத்தின் பக்கம் திரும்பாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு இரு மடங்கானபோது நேரத்தைப் பார்த்தேன்: 61 நிமிடம். என் கணக்கு ஏறத்தாழச் சரியாக வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதைவிடப் பெரிய மகிழ்ச்சி பிறகு வந்தது. அன்று அம்மா இரண்டாவது பன்னையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.