நாய்க்குப் பச்சை இறைச்சி: ஆபத்து யாருக்கு?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி வீட்டில் நாய் வளர்ப்பவர் அதற்குப் பச்சை இறைச்சியும் எலும்பும் கொடுக்க எண்ணினால், முதலில் யோசிக்க வேண்டியது அதே சமையலறையில் உண்பவர்களைப் பற்றித்தான். அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிய நூலுக்குப் பிறகு உலகெங்கும் பெயர்பெற்ற முறை இது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், செல்லப்பிராணிகளுக்கென உறையவைத்து விற்கப்பட்ட 35 பச்சை இறைச்சிப் பொதிகளில் 7இல் சல்மொனெல்லாவும் 19இல் லிஸ்டீரியாவும் இருந்தன. உறைய வைத்தால் கிருமி சாகும் என்று நம்பக்கூடாது. அது உறங்கிக் கிடந்து, இறைச்சி இளகியதும் பெருகும். கொழும்பு வெக்கையில் இறைச்சியை மேசையில் வைத்து இளக்குவது அதற்கு வாய்ப்பாகிவிடும். நாய்க்கு நோய்க்குறி ஏதும் தெரியாமலே அதன் மலத்தில் சல்மொனெல்லா வெளியேறலாம். தரையில் தவழும் குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் உள்ள வீட்டில் பச்சை இறைச்சியைத் தவிர்ப்பதே சரி.

நாய் ஓநாயின் வழிவந்தது, பச்சையாகத் தின்றே வாழ்ந்தது என்பார்கள். ஆனால் மனிதரோடு வாழ்ந்த காலத்தில் நாயின் உடலும் மாறியிருக்கிறது: மாச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் அதிகம் என்று 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே அவித்த இறைச்சியும் சோறும் அதற்கு அந்நியமல்ல. 'எலும்பு இல்லாவிட்டால் கல்சியம் எங்கிருந்து வரும்?' என்ற கேள்வி நியாயமானது. வெறும் சதை மட்டும் தின்னும் குட்டிக்கு எலும்பு மெலிந்து வளைவது உண்மை. அதற்கு வழி, மிருக வைத்தியர் சொல்லும் அளவில் கல்சியம் சேர்ப்பது. அவித்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பச்சை எலும்பும் பல்லை உடைக்கும், குடலை அடைக்கும். கோழிக் கழுத்து தின்ற நாய்களுக்குக் கால்கள் செயலிழக்கும் நரம்பு நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று மெல்பேர்ண் பல்கலைக்கழக ஆய்வு 2018இல் கண்டது. வெங்காயமும் பூண்டும் போட்ட கறியும் நாய்க்கு ஆகாது.

இனி, இறைச்சி வாங்குபவரின் உரிமை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் மனிதர் உண்ணும் உணவுக்கே உரியது. 'நாய்க்கு' என்று கேட்டு வாங்கும் கழிவுத் துண்டுக்கு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. ஆகவே மனிதருக்கு விற்கும் இறைச்சியையே வாங்கி, பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை. பழுதான இறைச்சி என்றால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அழைக்கலாம். இறைச்சியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூடி வைத்து, வேறு பலகையில் வெட்டி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எலும்பு விழுங்கிய நாய் ஓங்காளித்தால், மலம் கழிக்க முடியாமல் முக்கினால், நீங்களாக வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு வயிற்றோட்டம் வந்தால், நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுப்பதையும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.