ஆங்கிலத் தேர்வு: கட்டணம் கட்டும் முன் வாசிக்கப் பழகுவோம்



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் இப்போது ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி போன்ற ஆங்கிலத் தேர்வுகளுக்குக் கட்டணம் கேட்கிறார்கள். நர்ஸிங் முடித்த பெண்பிள்ளைகளும், மேற்படிப்புக்காக வெளிநாடு போக நினைக்கும் பையன்களும்தான் பெரும்பாலும் வருகிறார்கள். சிலர் கேட்பது முதல் முறைக்கான கட்டணம் அல்ல. இரண்டாவது, மூன்றாவது முறைக்கானது.

அப்படி வந்தவர்களில் ஒரு சகோதரி, நர்ஸிங் பட்டம் பெற்று இரண்டு ஆண்டு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். ஐஇஎல்டிஎஸ் இரண்டு முறை எழுதிவிட்டார். இரண்டு முறையும் வாசிப்புப் பகுதியில் கிடைத்தது 6, தேவைப்பட்டதோ 7. பயிற்சி வகுப்புக்காக உம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருந்தது. அவர் காட்டிய நோட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்கள், எதிரே தமிழ்ப் பொருளோடு, முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன. ஆங்கில நாளிதழில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். தடங்கல் இல்லாமல் வாசித்தார். என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வார்த்தை எல்லாம் தெரியுது. ஆனா என்ன சொல்ல வர்றாங்கன்னு பிடிபடல" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத அந்த ஒரு வரிதான் காரணம். அவரிடம் உழைப்புக்குக் குறைவில்லை. உழைப்பு போன இடம்தான் சரியில்லை.

ஏழு கேள்விகளின் தூரம்

முதலில் தேர்வைப் பற்றித் தெரிந்துகொள்வோம். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். வாசிப்புப் பகுதிக்கு 60 நிமிடம், 40 கேள்விகள். உயர்கல்விக்கும் தொழில்முறைப் பதிவுக்கும் எழுதப்படும் அகடமிக் பிரிவில் மூன்று நீளமான கட்டுரைகள் வரும். மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை இருக்கும். ஒரு கேள்விக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்குக் கழித்தல் கிடையாது. விடையை எடுத்து எழுதத் தனி நேரமும் கிடையாது.

அகடமிக் பிரிவில் 40க்கு ஏறத்தாழ 23 சரியானால் 6, 30 சரியானால் 7, 35 சரியானால் 8 என்பது தேர்வு நடத்துவோர் வெளியிட்டுள்ள சராசரிக் கணக்கு. ஜெனரல் டிரெயினிங் பிரிவில் கட்டுரைகள் சற்று எளிது. அதனால் அங்கே 6 வாங்கவே 30 சரியாக வேண்டும், 7 வாங்க 34 வேண்டும். பிரிட்டனின் நர்ஸிங் அண்ட் மிட்வைஃப்ரி கவுன்சில் ஐஇஎல்டிஎஸ் எழுதுவோரிடம் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5, மொத்தத்தில் 7 கேட்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 23க்கும் 30க்கும் நடுவே இருப்பது ஏழே கேள்விகள். அந்தச் சகோதரியின் கனவுக்கும் அவருக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவுதான். அந்த ஏழு மதிப்பெண் எங்கிருந்து வரும் என்று பார்ப்போம்.

பட்டியல் ஏன் கைகொடுப்பதில்லை

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனப்பாடம் செய்வதுதான் நம் பிள்ளைகளின் வழக்கம். ஆங்கிலம் அப்படி நடந்துகொள்வதில்லை. "டிஸ்சார்ஜ்" என்றால் நமக்குத் தெரிந்தது, நோயாளி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போவது. ஆனால் புண்ணிலிருந்து நீர் வடிவதும் டிஸ்சார்ஜ்தான். "கம்ப்ளெயின்" என்றால் புகார் கொடுப்பது என்று நோட்டில் இருக்கும். நோயாளி நெஞ்சுவலி பற்றி கம்ப்ளெயின் செய்தார் என்று மருத்துவக் குறிப்பில் இருந்தால், அவர் யார் மீதும் புகார் கொடுக்கவில்லை; நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னார், அவ்வளவே. "பாஸ் அவுட்" என்றால் நம் ஊரில் படிப்பை முடிப்பது. வெளிநாட்டு மருத்துவமனையில் அதே சொல்லுக்கு மயங்கி விழுவது என்று பொருள்.

நோட்டில் இருக்கும் ஒற்றைப் பொருளை வைத்துக்கொண்டு கட்டுரைக்குள் போனால், சொல் தெரிந்திருந்தும் வாக்கியம் கைக்குச் சிக்காது. ஒரு சொல்லின் பொருளைப் பக்கத்தில் நிற்கும் சொற்கள்தான் முடிவு செய்கின்றன. எனவே சொல்லைத் தனியாகப் பிடிக்காமல் வாக்கியத்தோடு பிடிக்க வேண்டும்.

சொல் நோட்டை எப்படி எழுதுவது

பழைய நோட்டைத் தூக்கி எறிய வேண்டாம். எழுதும் முறையை மட்டும் மாற்றிக்கொள்வோம். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு வரி ஒதுக்குங்கள்.

முதல் வரியில், அந்தச் சொல்லைப் பார்த்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். இரண்டாம் வரியில், அந்த இடத்தில் அதற்கு என்ன பொருள் என்று எளிய ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுதுங்கள். மூன்றாம் வரியில் அதன் குடும்பம்: பெனிஃபிட் என்றால் பெனிஃபிஷியல், பெனிஃபிஷியரி. நான்காம் வரியில் அதனோடு சேர்ந்து வரும் சொற்கள். ஸ்ட்ராங் டீ என்கிறோம். ஆனால் மழைக்கு ஸ்ட்ராங் என்பதில்லை, ஹெவி ரெயின் என்றுதான் வரும். இந்தச் சேர்க்கை பழகிவிட்டால் எழுதும் பகுதிக்கும் பேசும் பகுதிக்கும் அதுவே உதவும்.

எந்தச் சொற்களைப் படிப்பது என்ற குழப்பம் வேண்டாம். கல்வி சார்ந்த ஆங்கிலக் கட்டுரைகளில் துறை எதுவானாலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை, நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டார். அகடமிக் வேர்ட் லிஸ்ட் என்று பெயர். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. நாளைக்கு ஐந்து என்று வைத்தால் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். ஒரே நாளில் ஐம்பது படித்தால் அடுத்த வாரம் ஐந்துகூட நிற்காது.

திருப்பிப் பார்ப்பது மிக முக்கியம். மதரஸாவில் உஸ்தாத் புதுப் பாடம் கொடுக்கும் முன் பழைய பாடத்தைக் கேட்பாரே, அதே முறைதான். இன்று எழுதிய சொல்லை நாளை பாருங்கள். பிறகு மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். வெறுமனே கண்ணால் மேய்ந்தால் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வறையில் வராது.

தினம் அரை மணி நேரம்

சொல் நோட்டு துணைக்குத்தான். உண்மையான வேலை வாசிப்பு. அதற்குத் தினம் அரை மணி நேரம் போதும்; ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. வெள்ளிக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மற்ற நாட்களில் புத்தகத்தைத் தொடாமல் இருப்பதில் பலன் குறைவு.

முதலில் தரத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள். ஏதாவது ஒரு பகுதியில் நூறு சொற்களை எண்ணுங்கள். தெரியாத சொல் இரண்டு மூன்று இருந்தால் அது உங்களுக்கு ஏற்ற வாசிப்பு. பத்துக்கு மேல் இருந்தால் இப்போதைக்கு அதை வைத்துவிட்டு எளிதானதை எடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரை மணியில் முதல் இருபது நிமிடம் அகராதியைத் தொடாமல் வாசியுங்கள். தெரியாத சொல் வந்தால் கீழே கோடு போட்டுவிட்டு நகருங்கள். மீதிப் பத்து நிமிடத்தில், வாசித்ததை மூன்று வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். தமிழில் சொன்னாலும் சரி. உம்மாவிடமோ தம்பியிடமோ சொல்லலாம். சொல்ல வரவில்லை என்றால் வாசித்தது உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மறுபடி அந்தப் பத்திக்குப் போங்கள். அதன் பிறகுதான் அகராதி.

இதற்குச் செலவு தேவையில்லை. ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கமும் அறிவியல் பக்கமும் நல்ல பயிற்சி. பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் தளத்திலும் பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்திலும் படிநிலை வாரியாகப் பாடங்கள் இலவசமாக உள்ளன. நர்ஸிங் பிள்ளைகள் உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் நோய் பற்றிய தகவல் தாள்களை வாசிக்கலாம். சர்க்கரை நோய், காசநோய் போன்ற தெரிந்த விஷயங்களே தெளிவான ஆங்கிலத்தில் இருப்பதால் புரிவதும் சுலபம்.

கேள்வித்தாளில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

முதலாவது, சொல் மாற்றம். கட்டுரையில் உள்ள அதே சொல் கேள்வியில் வராது. கட்டுரையில் தண்ணீர் "ஸ்கேர்ஸ்" என்று இருந்தால், கேள்வியில் "இன் ஷார்ட் சப்ளை" என்று இருக்கும். இரண்டும் பற்றாக்குறையைத்தான் சொல்கின்றன. கேள்வியில் இருக்கும் சொல்லையே கட்டுரையில் தேடுபவர் ஏமாந்து போவார். கருத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது, "ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்" கேள்விகள். நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு எடுத்துக்காட்டைப் பாருங்கள். "நூலகம் மாலை 5 முதல் 8 வரை மட்டும் திறந்திருக்கும். அங்கே இரண்டு கணினிகள் உள்ளன" என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். "நூலகம் மாலையில் திறந்திருக்கும்" என்றால் சரி. "நூலகம் காலையில் திறந்திருக்கும்" என்றால் தவறு. எழுதியிருப்பதற்கு அது முரண்படுகிறது. "கணினிகளைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை" என்றால்? நம் ஊர் நூலகத்தில் கட்டணம் இல்லை என்பது நமக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் எழுதியிருப்பதில் அது பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே விடை "நாட் கிவன்". நமக்குத் தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு, தாளில் இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கவனக்குறைவு. இரண்டு சொற்களுக்கு மிகாமல் எழுது என்று இருக்கும் இடத்தில் மூன்று எழுதினால், விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் இல்லை. எழுத்துப் பிழைக்கும் இதே கதிதான்.

நான்காவது, நேரம். கட்டுரைக்கு 20 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியில் ஐந்து நிமிடம் முட்டி நிற்க வேண்டாம். தவறுக்குக் கழித்தல் இல்லாததால் எந்த இடத்தையும் காலியாக விடாதீர்கள்.

ஓஇடி எழுதும் மருத்துவத் துறையினருக்கு ஒரு குறிப்பு. அதிலும் வாசிப்புக்கு 60 நிமிடம்தான், 42 கேள்விகள். முதல் பகுதியில் நான்கு சிறு குறிப்புகளைப் புரட்டி 20 கேள்விகளுக்கு 15 நிமிடத்தில் விடை தேட வேண்டும். நேரம் முடிந்ததும் அந்தத் தாளை வாங்கிவிடுவார்கள். திரும்பிப் போக முடியாது. எனவே வேகமாகத் தேடும் பயிற்சி தனியாக வேண்டும். மருந்துச் சீட்டு, மருத்துவமனை அறிவிப்பு போன்றவற்றைக் கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.

கட்டணம் எப்போது கட்டுவது

முதலில் பணத்தைக் கட்டி, தேதி வாங்கிவிட்டால் பிள்ளை பயந்து படிக்கும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். பயம் வரும், வாசிப்பு வராது. இரண்டு தேர்வுகளுக்கும் மாதிரித் தாள்களை நடத்துபவர்களே இலவசமாகத் தருகிறார்கள். வீட்டிலேயே ஒரு மணி நேரம் அலாரம் வைத்து எழுதுங்கள். தொடர்ந்து மூன்று தாள்களில் தேவையான மதிப்பெண்ணைத் தாண்டினால் அப்போது கட்டுங்கள். மிக முன்கூட்டியே எழுதுவதும் வீண். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படும். எந்தத் தேர்வு, எந்தப் பிரிவு, எவ்வளவு மதிப்பெண் என்பதை நீங்கள் சேரப்போகும் கல்லூரியின் அல்லது பதிவு அமைப்பின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

தேர்வு எழுதாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மதிப்பெண்ணை நிறுவனங்கள் இணையத்திலேயே சரிபார்த்துவிடுகின்றன. பணமும் போகும், விசாவும் போகும், பிள்ளையின் பெயரும் கெடும். பொய்யால் கிடைக்கும் வேலையில் பரக்கத்தும் இருக்காது.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளைகளுக்குத் தேவை தினமும் அமைதியான அரை மணி நேரம். அந்த நேரம் டிவி சத்தத்தைக் குறையுங்கள். கல்யாணமான பெண்ணாக இருந்தால் அந்த அரை மணிக்குக் குழந்தையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். தப்பாக உச்சரித்தால் சிரிக்காதீர்கள். பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளும் இன்றே நாளுக்கு ஒரு பத்தி வாசிக்கத் தொடங்கட்டும். அவர்கள் இருபது வயதில் தேர்வு எழுத நேரும்போது நகை அடகுக்குப் போகாது.

அந்தச் சகோதரி நான்கு மாதமாகப் புது முறையில் வாசித்து வருகிறார். தினமும் இஷாவுக்குப் பிறகு வாசித்ததை உம்மாவிடம் தமிழில் சொல்கிறார். ஆங்கிலம் தெரியாத அந்த உம்மா, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்பதுதான் பெரிய பரீட்சை என்கிறார். கடைசியாக எழுதிய நான்கு மாதிரித் தாள்களில் 29, 31, 30, 32 சரியாக வந்திருக்கிறது. இந்த மாதம் கட்டணம் கட்டப் போகிறார். இன்ஷா அல்லாஹ் இம்முறை தேறுவார். அவருக்காக துஆ செய்யுங்கள்.

இந்தத் தேர்வுகளுக்கு உதவி கேட்டு வருபவர்களிடம் இனி நாமும் ஒன்று கேட்போம். விண்ணப்பத்தோடு, நேரம் வைத்து எழுதிய மூன்று மாதிரித் தாள்களையும் கொண்டு வாருங்கள். மதிப்பெண் குறைவாக இருந்தாலும் தயங்காமல் வாருங்கள். எங்கே நழுவுகிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.