சுவிட்சில் விளக்கு எரிகிறது, இணையம் மட்டும் வரவில்லை

மறுநாள் காலை மகளுக்கு வீட்டிலிருந்து கற்கும் நாள். தந்தைக்கு ஒன்பது மணிக்கு அலுவலகக் கூட்டம், அதுவும் கணினி வழியாக. முதல் நாள் இரவு பத்து மணிக்குப் படிப்பறைக் கணினியில் இணையம் நின்றுவிடுகிறது. இத்தகைய வேளையில் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி மறுபடியும் செருகுகிறார்கள். சரியாகிவிட்டால் கோளாறு எங்கே இருந்தது என்று தெரியாது. சரியாகாவிட்டால் எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதும் மறந்துபோகிறது. பிறகு கடைக்குப் போய் நூறு, இருநூறு வெள்ளி கொடுத்துப் புதிய ரவுட்டர் வாங்குகிறார்கள். பழைய ரவுட்டரில் ஒரு குறையும் இருந்திருக்காது.

சிங்கப்பூரின் வீவக வீடுகளில் கண்ணாடி இழைக் கம்பி முதலில் ஓஎன்டி என்ற சிறு பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து ரவுட்டருக்குப் போகிறது. சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும். ரவுட்டரின் பின்புறம் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு துளைகள்தான் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி, அச்சு இயந்திரம், பிள்ளைகளின் விளையாட்டுச் சாதனம், மேசைக் கணினி எல்லாவற்றுக்கும் அவை போதாமல் போகும்போது வாங்கப்படுவதுதான் சுவிட்ச். மின்விளக்கைப் போடும் சுவிட்ச் அல்ல. ஐந்து அல்லது எட்டுத் துளைகள் கொண்ட கையடக்கப் பெட்டி.

இந்தப் பெட்டி இணையத்தைத் தருவதில்லை. சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுப்பதும் இதன் வேலையல்ல. அவை ரவுட்டரின் பொறுப்பு. புளோக்கில் எந்த வீட்டுக்கு எந்த எண் என்று முடிவு செய்பவர் ஒருவர். கடிதத்தை உரிய பெட்டியில் போட்டுவிட்டுப் போகும் தபால்காரர் வேறொருவர். சுவிட்ச் அந்தத் தபால்காரர். எந்தத் துளையில் எந்தச் சாதனம் இருக்கிறது என்பதை, அதிலிருந்து வரும் தகவலைப் பார்த்துத் தானாகவே தெரிந்துகொள்கிறது. பல துளைகள் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்சை 1990ஆம் ஆண்டு வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் கல்பனா. அதன் நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரை வைத்தார். 1994இல் சிஸ்கோ நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

கோளாறைத் தேடும்போது வீட்டை இரண்டாகப் பிரிப்பது ஒரே ஒரு கம்பி: ரவுட்டரிலிருந்து சுவிட்சுக்குப் போகும் கம்பி. கைத்தொலைபேசி கம்பியில்லாத் தொடர்பில் நன்றாக வேலை செய்து, சுவிட்சோடு இணைந்தவை மட்டும் நின்றிருந்தால், கோளாறு அந்தக் கம்பியிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. எல்லாமே நின்றிருந்தால் அந்த ஒரு கம்பியை மட்டும் ரவுட்டரிலிருந்து உருவிவிட்டு ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் இணையம் திரும்பினால் கோளாறு சுவிட்ச் பக்கம். ரவுட்டர் திணறிப்போயிருக்கலாம் என்பதால், அதை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகும் திரும்பாவிட்டால் ரவுட்டரையோ வெளியிலிருந்து வரும் இணைப்பையோதான் பார்க்க வேண்டும். சுவிட்சைத் தொட வேண்டியதே இல்லை.

சுவிட்சில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் அதன் மின் அடாப்டர் மீது. பெட்டியைவிட அடாப்டர்தான் சீக்கிரம் கெட்டுப்போகிறது. ஆனால் இழுப்பறையில் கிடக்கும் ஏதோ ஓர் அடாப்டரை எடுத்துச் செருகக்கூடாது. 5, 9, 12 வோல்ட் என்று பல வகை உண்டு. முனை மட்டும் ஒன்றுபோல் இருக்கும். பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவும் முனையின் நேர், எதிர் குறியும் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அளவு குறையக்கூடாது.

ஒரே ஒரு துளையின் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் கம்பியை வேறு துளைக்கு மாற்றிப் பார்க்கலாம். பிறகு நன்றாக வேலை செய்யும் வேறொரு கம்பியைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமல் போய்விடும். இணையம் வருகிறது, ஆனால் வேகம் இல்லை என்போரும் கம்பியைத்தான் பார்க்க வேண்டும். கம்பிக்குள் எட்டு இழைகள் உள்ளன. விநாடிக்கு 1,000 மெகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். கதவிடுக்கில் நசுங்கி ஓர் இழை அறுந்தால், அது அந்த நான்கில் ஒன்றாக இல்லாதபோது இணைப்பு நிற்காமல் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடக்கூடும்.

விளக்குகள் ஒழுங்காக எரிந்தும் இணையம் வராத நிலைதான் பலரைக் குழப்புகிறது. கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் முகவரி கேட்டும் பதில் கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். சுவிட்சை ரவுட்டருக்குப் பின்னால் இணைக்காமல், ஓஎன்டி பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே இணைத்துவிட்டாலும் இப்படி நேரலாம். அவ்வாறு இணைப்பது வேறொரு வகையிலும் ஆபத்தானது. ரவுட்டர் தரும் பாதுகாப்பு அந்தச் சாதனங்களுக்குக் கிடைக்காது.

பழைய ரவுட்டரைத் தூக்கிப்போட மனமில்லாமல் அதையே சுவிட்சாகப் பயன்படுத்துவோரும் உண்டு. செலவு மிச்சம்தான். ஆனால் அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரே புளோக்குக்கு இரண்டு பேர் வீட்டு எண் கொடுத்தால் என்ன ஆகும்? சில சாதனங்களில் இணையம் வரும், சிலவற்றில் வராது. நேற்று வந்தது இன்று வராது. பழைய ரவுட்டரில் டிஎச்சிபி என்னும் வசதியை நிறுத்திவிட்டு, அதன் சொந்த முகவரியையும் புதிய ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, லேன் துளைகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது வட்டச் சுற்று. மேசையைத் துடைப்பவர், தனியாகக் கிடக்கும் ஒரு கம்பி முனையைப் பார்த்து, கழன்றுவிட்டது போலும் என்று நல்லெண்ணத்தோடு அருகிலுள்ள துளையில் செருகிவிடுகிறார். அந்தக் கம்பியின் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருக்கிறது. புதிய வீவக வீடுகளில் சுவரிலேயே ஆர்ஜே45 துளைகள் இருப்பதால் இது இன்னும் எளிதாக நடக்கிறது. வரவேற்பறைச் சுவரின் இரண்டு துளைகளும் உள்ளே ஒரே சுவிட்சுக்குப் போவது தெரியாமல், இரண்டையும் வரவேற்பறையில் உள்ள இன்னொரு சுவிட்சில் செருகிவிடுகிறார்கள்.

எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவாக அனுப்பப்படும் தகவலைச் சுவிட்ச் மற்ற எல்லாத் துளைகளிலும் வெளியே தள்ளும். வட்டம் இருந்தால் அந்தத் தகவல் சுற்றி வந்து மறுபடியும் உள்ளே நுழையும், மறுபடியும் வெளியே தள்ளப்படும். அதற்கு ஆயுள் வரம்பு கிடையாது. சில விநாடிகளில் வீட்டுக் கட்டமைப்பு முழுவதும் திணறி, கம்பியில்லாத் தொடர்பும் சேர்ந்து படுத்துவிடும். எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் படபடவென்று மின்னுவதுதான் அடையாளம். பெரிய அலுவலகச் சுவிட்சுகளில் இதைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு. விலை குறைந்த வீட்டுச் சுவிட்சுகள் பலவற்றில் இல்லை. அந்த ஏற்பாடும் சில நேரம் கைவிடும். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ நிலையத்தின் கணினிக் கட்டமைப்பு இத்தகைய கோளாறால் ஏறத்தாழ நான்கு நாள் முடங்கியது. மருத்துவர்களும் தாதியரும் காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது.

வீட்டில் இதற்கு மருந்து எளிது. சுவிட்சிலிருந்து எல்லாக் கம்பிகளையும் எடுத்துவிட்டு, முதலில் ரவுட்டரிலிருந்து வரும் கம்பியையும், பிறகு ஒவ்வொன்றாக மற்றவற்றையும் செருக வேண்டும். எதைச் செருகியதும் விளக்குகள் வெறிகொண்டு மின்னுகின்றனவோ, அதுவே குற்றவாளி. எடுக்கும்போதே ஒவ்வொரு கம்பியிலும் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் அறையின் பெயரை எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த முறை பத்து நிமிட வேலை இரண்டு நிமிடத்தில் முடியும்.

இத்தனைக்கும் பிறகு சுவிட்ச்தான் பழுது என்று தெரிந்தால், ஐந்து துளைச் சுவிட்ச் ஒன்றைச் சில பத்து வெள்ளிக்கு வாங்கிவிடலாம். காற்றுப் புகாத அலமாரிக்குள், சூடான ரவுட்டரின் தலைமேல் அதை வைக்காமலிருப்பது நல்லது. இணையச் சேவை நிறுவனத்தை அழைப்பதாக இருந்தால், அதற்குமுன் கணினியை ரவுட்டரில் நேரடியாகச் செருகிப் பார்த்துவிட வேண்டும். சுவிட்ச் வாடிக்கையாளரின் சொந்தப் பொருள் என்பதால், தொலைபேசியில் பேசுபவர் பெரும்பாலும் முதலில் செய்யச் சொல்வதும் அதைத்தான்.