ஜகத் சேட் குடும்பம்
முர்ஷிதாபாத், வங்காளம்

ராஜஸ்தானத்து நாகூரிலிருந்து பிழைக்க வந்த சமண வணிகக் குடும்பம் இது. இவர்களில் மாணிக்சந்த், நவாப் முர்ஷித் குலி கானுடன் டாக்காவிலிருந்து முர்ஷிதாபாத்துக்கு வந்தார். அதன்பின் நவாபுக்குப் பணப்பெட்டியே இவர்கள் வீடுதான். டெல்லிக்குப் போகவேண்டிய வரிப்பணம் இவர்களுடைய உண்டியலாகவே (பணமாற்றுச் சீட்டாகவே) போனது. ஐரோப்பியக் கம்பெனிகள் கொண்டுவந்த வெள்ளியை வாங்கி நாணயமாக்கும் உரிமையும் ஏறக்குறைய இவர்கள் கைக்குள்தான். பழைய ரூபாய்க்கு எவ்வளவு வட்டம் (மதிப்புக் கழிவு) பிடிப்பது என்று இவர்கள் சொன்னதே கணக்கு. சந்தைக்கு வந்த குடியானவனுக்கும் அதிலிருந்து தப்பில்லை.

1720களில் முகலாயப் பேரரசர் முகமது ஷா, ஃபத்தேசந்துக்கு ‘ஜகத் சேட்’ என்ற பட்டம் அளித்தார். 1740இல் அலிவர்தி கான் அன்றைய நவாபை வீழ்த்தி அரியணை ஏறியபோது அவருக்குத் துணை நின்றவர் இதே ஃபத்தேசந்த். 1742இல் மராட்டியப் படை இவர்கள் மாளிகையில் அள்ளிச் சென்றது இரண்டு கோடி ஆற்காட்டு ரூபாய் என்கிறார் வரலாற்றாசிரியர் குலாம் ஹுசைன் கான். நம் ஊர்ப் பெயர் தாங்கிய நாணயம்! அவ்வளவு போயும் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை.

1757இல் நவாப் சிராஜ் உத் தௌலாவைக் கவிழ்க்கும் ஆங்கிலேயர் சதியில் இக்குடும்பத்து மஹ்தாப் ராயும் ஸ்வரூப்சந்தும் சேர்ந்தார்கள். அதனால் அவ்வாண்டு பிளாசிப் போரில் ஆங்கிலேயர் பெற்ற வெற்றியை அவர்களின் தளபதி கிளைவின் வீரத்துக்கு மட்டும் எழுதுவது நியாயமல்ல. 1763இல் ஆங்கிலேயரோடு மோதிய நவாப் மீர் காசிம் இந்தச் சேட்கள் இருவரையும் கொன்றார். 1772இல் ஆங்கிலேய ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் கருவூலத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றினார். அதன்பின் பட்டம் மட்டும் வாரிசுகளிடம் தங்கியது.